நீர்க்கட்டி வெர்ல் ஓட்டுப்பெட்டிக்குக் காவல் இருந்த கதை

அப்பாவின் அடக்க ஆராதனையில் பக்கத்து வீட்டு டெல்மண்ட் பிங்கம் எழுந்து ஓட்டுப்பெட்டிக் கதையைச் சொன்னார். சபை முழுக்கச் சிரித்தது. பிஷப்பே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் கதையில் பிழைகள் இருந்தன. கூடாரம் போட்டது தன் யோசனை என்றார். இல்லை. அப்பா கண் கலங்கினார் என்றார். இல்லை. தான் கொஞ்சம்கூடப் பயப்படவில்லை என்றார். அதுவும் இல்லை. அன்றோடு அப்பா மனம் மாறிவிட்டார் என்று முடித்தார். அப்பா அதற்குப் பிறகும் பெட்டிக்குக் காவல் வேண்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் மின்வாரியத்தில் வேலை செய்கிறேன். எங்காவது கோளாறு ஏற்பட்டால் எது முதலில் நடந்தது, எது அடுத்து நடந்தது என்று வரிசையாக எழுதித் தருவது என் வேலை. அப்பாவைப் பற்றி வேறு எதையும் இப்போது எழுத முடியவில்லை. இதை எழுத முடியும்.

அவர் பெயர் வெர்ல் ஆல்ரெட். பீனிக்ஸுக்குக் கிழக்கே டெசரெட் வெல்ஸ் ஊரில் பிறந்து அங்கேயே இருந்தவர். நடுவில் இரண்டு வருடம் மட்டும் சபை அவரை ஊழியத்துக்கு ஃபின்லாந்து அனுப்பியது. அங்கே வீடு வீடாகக் கதவு தட்டினார். ஒருவர்கூடத் திறக்கவில்லை என்பாள் அம்மா.

"ஒருத்தர் திறந்தார்," என்பார் அப்பா.

"என்ன சொன்னார்?"

"குளிர் உள்ள வருது, கதவைச் சாத்துன்னார்."

திரும்பி வந்ததும் கால்வாய் சங்கத்தில் தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டி வேலை கிடைத்தது. எங்கள் ஊரின் பழைய தெருக்களில் இன்றும் தோட்டத்துக்கு வாய்க்கால் தண்ணீர்தான். முறை வைத்து வரும். உன் முறை விடியற்காலை என்றால் விடியற்காலை எழுந்து உன் மடையைத் திறக்க வேண்டும். நேரம் முடிந்ததும் அடைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு விட வேண்டும். மதகைத் திறப்பதும், முறை தப்பாமல் பார்ப்பதும் அப்பா வேலை. ஓய்வு பெறும்வரை அதையே செய்தார்.

யாரையும் பிடித்துக்கொடுத்ததில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கரையில் நிற்பார். அவ்வளவுதான். முறை தப்பித் தண்ணீர் திருப்ப வந்தவர் அவரைப் பார்த்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொள்வார்.

"சும்மா காலாற நடக்கலாம்னு வந்தேன், பிரதர் வெர்ல்."

"நல்லது. நடங்க, நடங்க."

இதுதான் அப்பாவுக்குத் தெரிந்த காவல். ஒருவர் நின்றாலே போதும், யார் கையும் தப்பு செய்யாது என்பார். சந்தேகப்படுவது வேறு, நிற்பது வேறு என்பார்.

டெல்மண்ட் எங்களுக்கு அடுத்த மடைக்காரர். உயர்நிலைப் பள்ளியில் பையன்களுக்குக் கால்பந்துப் பயிற்சி தந்தவர். உரத்த குரல், அகலமான தோள். எங்கள் சபையில் வெளிப்படையாகத் தெரிந்த ஒரே ஜனநாயகக் கட்சிக்காரர். தேர்தல் வந்தால் அவர் வாசல் புல்வெளியில் அவர் கட்சி அட்டையை நடுவார். அப்பா எங்கள் புல்வெளியில் குடியரசுக் கட்சி அட்டையை நடுவார். தண்ணீர் முறை வரும் நாளில் இரண்டு புல்வெளியும் குளமாகும். அட்டைகள் சாயும்.

"யோவ் வெர்ல், உன் ஆளு என் வீட்டுப் பக்கம் மெதந்து வர்றாரு. வந்து தூக்கு."

"உன் ஆளு மூழ்கியே போயிட்டாரு. நான் தேடிட்டிருக்கேன்."

இருவரும் முழங்கால் வரை நனைந்துகொண்டு ஒருவர் அட்டையை ஒருவர் நிமிர்த்தி வைப்பார்கள். நான் வளர்ந்தது இதைப் பார்த்து.

இந்தக் கதை நடந்த வருடம் தேர்தலுக்கு முன்பு ஊரில் பேச்சு வேறு மாதிரி ஆனது. எங்கள் மாநிலத்தில் பெரும்பாலோருக்கு வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வரும். நிரப்பி, உறையில் போட்டு, உறைமேல் கையெழுத்திட்டு, தபாலில் அனுப்பலாம். இல்லையென்றால் அரசு வைத்திருக்கும் இரும்புப் பெட்டியில் கொண்டுபோய்ப் போடலாம். அந்தப் பெட்டிகளில் இரவோடு இரவாகக் கட்டுக்கட்டாகக் கள்ள ஓட்டு விழுகிறது என்று ஒரு பேச்சு. யாரும் நேரில் பார்த்ததில்லை. எல்லோருக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள். பெட்டிகளுக்குக் குடிமக்களே காவல் இருக்க வேண்டும் என்று அழைப்பு வந்தது. அப்பா பெயர் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் வாக்குவாதம் வெடித்தது.

"வர்றவங்க பயப்படுவாங்கப்பா," என்றேன்.

"எதுக்குப் பயம்? நேர்மையா ஓட்டுப் போடறவனுக்கு என்ன பயம்?"

"நீ மதகுல நின்னப்ப உன் கையில கேமரா இல்லை."

"இப்பவும் இல்லை. உன் அம்மா எனக்கு கேமரா போனே வாங்கிக் குடுக்க மாட்டா."

"மத்தவங்க வெச்சிருக்காங்களே. நம்பர் பிளேட்டைப் படம் எடுக்கறாங்க. அதை ஊருக்கெல்லாம் அனுப்பறாங்க."

"நான் எடுக்கலை. நான் நிக்கறேன்."

அம்மா உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அவர் பக்கம் தள்ளினாள். அம்மா பெயர் ரோஜீன். பேச்சு சூடானால் பாத்திரத்தை நகர்த்துவது அவள் வழக்கம். "வெர்ல், தண்ணி திருடினா பக்கத்து வீட்டுக் கொய்யா காயும். அதை எல்லாரும் பாக்கலாம். ஓட்டு அப்படியா? அது அவங்கவங்க அந்தரங்கம்."

"போடறது அந்தரங்கம். பெட்டி பொது. பொதுச் சொத்தைப் பாக்கறதுல என்ன தப்பு, இன்ஜினியரம்மா?"

இன்ஜினியரம்மா என்றது என்னை. அவர் தரப்பிலும் பாதி நியாயம் இருந்தது. காவல் இல்லாத எதையும் நானும் நம்புகிறவள் அல்ல.

மறுநாள் மடக்கு நாற்காலியும் வைக்கோல் தொப்பியும் ஐஸ்பெட்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். பெட்டி இருந்தது அரசுக் கட்டடம் ஒன்றின் பக்கச் சுவரோரம். முன்னால் கார் நிறுத்தும் வெட்டவெளி. இதற்கு மேல் யாரும் நெருங்கி நிற்கக் கூடாது என்று எல்லைப் பலகை உண்டு. அதற்கு இரண்டு கார் நீளம் தள்ளியே உட்கார்ந்தார். காலடியில் ஓர் அட்டை. அதில் தடித்த பேனாவால் எழுதியிருந்தார்: வெர்ல் ஆல்ரெட், பக்கத்துத் தெரு. தண்ணீர் வேண்டுவோர் எடுத்துக்கொள்ளவும்.

"பேரை எதுக்கு எழுதின?" என்றாள் அம்மா.

"பாக்கறவன் யாருன்னு வர்றவனுக்குத் தெரியணும்ல?"

முதல் சில நாட்கள் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. பாதி ஊர் அவரைத் தெரிந்தவர்கள். ஓட்டைப் போட்டுவிட்டு வந்து நின்று ரூட் பியர், அதாவது மது கலக்காத சோடா, குடித்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் அம்மாவிடம் அறிக்கை தருவார்.

"இன்னைக்கு ஒரு திருடனும் வரலை. ஒரு நாய் வந்துச்சு. ஓட்டுப் போடலை."

அதன் பிறகு இரண்டு பேர் வந்தார்கள். வெளியூர்க்காரர்கள். கண்வரை மூடிய முகத்துணி, பாக்கெட்டுகள் நிறைந்த பச்சை அங்கி, நீண்ட லென்ஸ் கேமரா. தங்கள் வண்டி எண்ணை டேப் ஒட்டி மறைத்துவிட்டு, வருகிறவர்களின் வண்டி எண்ணைப் படம் எடுத்தார்கள். அப்பா ரூட் பியர் நீட்டினார். வேண்டாம் என்றார்கள். பெயர் கேட்டார். பெயர் வேண்டாம் என்றார்கள்.

"குடிக்கவும் இல்லை, பேரும் சொல்லலை," என்று வீட்டில் புகார் சொன்னார்.

"அவங்ககூடத்தான் நீ உக்காந்திருக்க," என்றாள் அம்மா.

"தள்ளி உக்காந்திருக்கேன்."

"கார்ல வர்றவளுக்கு அது தெரியுமா? மூணு ஆம்பளைங்க வரிசையா உக்காந்திருக்காங்கன்னுதான் தெரியும்."

அப்பா மறுநாள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டார்.

கடைசி நாள், செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் ஏழு மணிக்குப் பெட்டியைப் பூட்டிவிடுவார்கள். எங்கள் வீட்டு ஐந்து பேரின் உறைகளைப் போட அம்மாவை நான்தான் காரில் கூட்டிப்போனேன். வழியில் டெல்மண்ட் வீட்டில் நிறுத்தச் சொன்னாள்.

எங்கள் சபையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் சில வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தருவார்கள். டெல்மண்ட் அம்மாவின் பொறுப்பு. மனைவி ஆர்டிஸ் இறந்துவிட்டார். மகன்கள் ஐடஹோவில். இரண்டு வாரம் முன்புதான் இடுப்பு எலும்பு மாற்றி அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. அம்மா முந்தின நாள் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் போட்டு வேகவைத்துக் கொண்டுபோய் வைத்திருந்தாள். எங்கள் பக்கம் அது சாவு வீட்டுக்குச் செய்கிற பதார்த்தம். டெல்மண்ட் மூடியைத் திறந்து பார்த்து, "நான் இன்னும் சாகலை ரோஜீன்," என்றாராம். ஆனால் முழுவதும் சாப்பிட்டிருந்தார்.

அம்மா உள்ளே போய்க் கழுவிய பாத்திரத்தோடு வந்தாள். பாத்திரத்துக்குள் ஓர் உறை.

"வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாதுன்னு அவருக்கு. வீட்ல எதுவும் இல்லை. ஓட்டை வெச்சுக் குடுத்துட்டார். போட்டுடச் சொன்னார்."

எனக்கும் அந்த நேரம் எதுவும் உறைக்கவில்லை. எங்கள் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் யாராவது எதையாவது கொடுத்தனுப்புவார்கள். எங்கள் உறைகளையும் அம்மா அதே பாத்திரத்தில் போட்டுக்கொண்டாள்.

அவள் பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பெட்டியை நோக்கி நடந்தாள். கேமராக்கள் உயர்ந்தன. அப்பா நாற்காலியில் இருந்து எழுந்தார்.

"ரோஜீன். நில்லு."

"என்ன?"

"நம்ம வீட்ல அஞ்சு பேர். அதுல ஆறு இருக்கு."

"ஒண்ணு டெல்மண்டோடது."

"அதை நீ போடக் கூடாது."

"ஏன்?"

"குடும்பத்துக்காரங்க போடலாம். ஒரே வீட்ல இருக்கறவங்க போடலாம். இல்லைன்னா நோயாளியைக் கவனிச்சுக்கறவங்க போடலாம். வேற யார் போட்டாலும் குற்றம்."

"நான்தான அவரைக் கவனிச்சுக்கறேன்?"

"சோறு குடுக்கறது இல்லை. வைத்திய கவனிப்பு."

"கட்டுப் பிரிச்சேன்."

"எப்ப?"

"பிரிக்கட்டுமான்னு கேட்டேன். வேணாம்னார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கு வரவில்லை.

"வெர்ல், நீ பேசாம உக்காந்தா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "அவர் ஓட்டு உன் ஆளுக்கு எதிரா விழற ஓட்டு. ஊர்ல எத்தனையோ கார் வந்து போகுது, உன் கண்ணுல பட்டது இந்த ஒரு உறை."

அப்பாவுக்குக் காது சிவந்தது. "அதுக்காகத்தான் தடுக்கறேன்னு நெனைக்கிறியா?"

"நான் நெனைக்கலை. டெல்மண்ட் நெனைப்பார்."

அது உள்ளே போய்விட்டது. அப்பா கொஞ்ச நேரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு, "நம்மளோடதை நீ போடு. நான் அவனைக் கூட்டிட்டு வர்றேன்," என்றார். "அவன் ஓட்டு இன்னைக்கு இந்தப் பெட்டிக்குள்ள போகணும். அவன் கையால போகணும்."

உடம்பு முடியாதவர்களின் வீட்டுக்கே அதிகாரிகள் வந்து ஓட்டு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. அதற்கு முன்கூட்டியே கேட்க வேண்டும். டெல்மண்ட் யாரிடமும் எதையும் கேட்கிறவர் அல்ல.

நான் வண்டியை ஓட்டினேன். டெல்மண்ட் சாய்வு நாற்காலியில் அரைக்கால் சட்டையோடு இருந்தார். அப்பா உறையை நீட்டினார்.

"என்னய்யா, என் ஓட்டையும் பிடிச்சுட்டியா? நாற்பது வருஷமா என் தண்ணியைப் பிடிச்ச."

"உன் தண்ணியை நான் பிடிச்சதே இல்லை. உன் மடை ஒழுகுது."

"ஒழுகினா உன் தோட்டத்துக்குத்தான வருது?"

"அதான் நான் சொல்லலை. எந்திரி."

"எங்க?"

"ஓட்டுப் போட."

டெல்மண்ட் அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நடைச் சட்டத்தைப் பிடித்து மெல்ல எழுந்தார். அலுமினியச் சட்டம். அதன் கால்களில் டென்னிஸ் பந்து சொருகியிருந்தது. படியிறங்கவும் வண்டியில் ஏறவும் நிறைய நேரம் ஆனது. அப்பா உதவிக்குக் கை நீட்டினார். டெல்மண்ட் அதைத் தட்டிவிட்டார்.

வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். "படம் எடுக்கறாங்களாமே. எடுக்கட்டும். எனக்கு வலது பக்கம் நல்லா விழும். கண்ணு, தலை சீவியிருக்கா பாரு."

"சீவறதுக்கு எங்க இருக்கு அங்கிள்?" என்றேன்.

"உங்கப்பன் வளர்ப்பு," என்றார்.

மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் நிறுத்தினேன். அங்கிருந்து பெட்டிவரை ஒரு பேருந்து நீளம் இருக்கும். நடுவே இரும்புத் தூண்கள், அதற்கு மேல் வண்டி போகாது. டெல்மண்ட் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். அந்த இருவரும் எழுந்து நின்று கேமராவை இந்தப் பக்கம் திருப்பினார்கள்.

டெல்மண்ட் பெட்டியைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். காலை உள்ளே எடுத்துக்கொண்டார்.

"வீட்டுக்குப் போகலாம் வெர்ல்."

"ஏன்?"

"போகலாம்னு சொல்றேன்ல."

அப்பா காத்திருந்தார். டெல்மண்ட் கண்ணாடி வழியாக வேறு எங்கோ பார்த்துக்கொண்டு பேசினார். அந்த உரத்த குரல் காணோம். "நான் ஓட்டுப் போடறதைப் பாக்கட்டும்யா. அதுக்கு நான் பயப்படலை. நான் நடக்கறதைப் பாக்கறாங்களே. இந்தச் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு, இந்த அரைக்கால் சட்டையில. நான் பயிற்சி குடுத்த பசங்க நாளைக்குப் போன்ல பாப்பாங்க. விழுந்தேன்னா அதையும் பாப்பாங்க. அதைத்தான் அதிகமாப் பாப்பாங்க."

"நான் கூட வர்றேன்."

"நீயும் அங்க உக்காந்து பாக்கற ஆளுதான?"

அப்பா கதவை மெல்லச் சாத்திவிட்டு அந்த இருவரிடம் நடந்தார். நானும் பின்னால் போனேன்.

"கொஞ்ச நேரம் கேமராவைக் கீழ வைங்க. உடம்பு சரியில்லாத மனுஷன்."

"பொது இடம் சார். பாக்க எங்களுக்கு உரிமை இருக்கு," என்றார் ஒருவர்.

"இருக்கு. இல்லைன்னு சொல்லலை. கேக்கறேன்."

"நேர்மையா ஓட்டுப் போடறவனுக்கு என்ன பயம்?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அவன் நேர்மையானவன்தான்," என்றார். "நடக்கத்தான் பயப்படறான்."

"நீங்களே பாத்தீங்கல்ல சார்? கொஞ்ச நேரம் முந்தி ஒரு அம்மா பாத்திரம் நிறைய ஓட்டைக் கொண்டுவந்துச்சு. அந்த மாதிரி ஆளுங்களுக்காகத்தான் வந்திருக்கோம்."

"அது என் பொண்டாட்டி."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்க பொண்டாட்டியா?"

"ஆமா. படம் நல்லா வந்திருந்தா எனக்கு ஒண்ணு அனுப்புங்க. அவ சாதாரணமா படத்துக்கு நிக்க மாட்டா."

அவர்கள் சிரிக்கவில்லை. கேமராவையும் இறக்கவில்லை. அப்பா திரும்பி வந்தார். அம்மா எங்கள் உறைகளைப் போட்டுவிட்டு, வெறும் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"பொது இடமாம்."

"அப்படியா? அப்ப நமக்கும் பொது இடம்தான?" என்று போனை எடுத்தாள்.

அவள் கூப்பிட்டது சபையின் மாதர் சங்கத் தலைவி சிஸ்டர் ஃபேலீனை. எங்கள் சபையில் குழந்தை பிறந்தாலும், வீடு மாறினாலும், யாராவது செத்தாலும் இந்த ஒரு அழைப்புதான். அங்கிருந்து அது தானாகப் பரவும். யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று மட்டும் கேட்பார்கள்.

"நிழல் கூடாரம் வேணும்," என்றாள் அம்மா. "எத்தனை இருக்கோ அத்தனை. அகலமா இருக்கறதா பாத்துக் கொண்டாங்க."

எங்கள் ஊரில் அது இல்லாத வீடு கிடையாது. சனிக்கிழமை பிள்ளைகள் விளையாட்டுக்குப் போனால் மைதானத்தோரம் விரிப்பார்கள். நாலு கால், மேலே துணி, இழுத்தால் விரியும்.

டெல்மண்ட் வண்டிக்குள்ளேயே ரூட் பியர் குடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போக வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். நான் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். பெட்டி பூட்ட இன்னும் நேரம் இருந்தது. ஆனால் அவர் எப்போது கோபப்பட்டு இறங்கி நடந்தே வீட்டுக்குப் போகப் பார்ப்பாரோ என்ற கவலை எனக்கு.

முதல் வேன் வந்தது. பிறகு அடுத்தடுத்து. பிள்ளைகள், பைகள், விசிறிகள். சிஸ்டர் ஃபேலீன் பச்சை ஜெல்லி நிறைந்த தட்டத்தோடு இறங்கினார்.

"யாரு செத்தது?"

"யாரும் இல்லை சிஸ்டர். டெல்மண்ட் ஓட்டுப் போடப் போறார்."

"ஓ." கொஞ்சம் யோசித்தார். "அப்ப உருளைக்கிழங்கு வேணாம்ல?"

அம்மா விஷயத்தைச் சொன்னாள். சிஸ்டர் ஃபேலீன் அந்த இருவரையும் பார்த்தார், வண்டிக்குள் இருந்த டெல்மண்டையும் பார்த்தார். "எனக்கும் அந்தப் பெட்டி மேல சந்தேகம்தான்," என்றார். "என் வீட்டுக்காரரும் திங்கக்கிழமை காவலுக்கு வந்தவர்தான். ஆனா இடுப்பு அறுத்தவரைப் படம் எடுக்கறது என்ன பழக்கம்? பிள்ளைங்களா, கம்பியை இழுங்க."

எல்லைப் பலகைக்கு வெளியே, ஒரு அடிகூட உள்ளே வராமல், கூடாரங்கள் வரிசையாக எழுந்தன. பலகையிலிருந்து கூடாரக் கால் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அப்பாதான் நடந்து நடந்து பார்த்தார். சூரியன் சாயும் பக்கத்துக்கு நிழல் துணியைத் தொங்கவிட்டார்கள். அது தற்செயலாகக் கேமரா இருந்த பக்கம்.

அந்த இருவரும் நாற்காலியை இடது பக்கம் நகர்த்தினார்கள். கடைசிக் கூடாரமும் நாலு பெண்கள் காலைப் பிடிக்க இடது பக்கம் நகர்ந்தது. அவர்கள் வலது பக்கம் போனார்கள். கூடாரமும் வலது பக்கம் போனது. பிள்ளைகள் இதை விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

"இது எங்களைத் தடுக்கறது," என்றார் ஒருவர்.

"நிழல் சார். பொது இடம்," என்றாள் அம்மா.

சிஸ்டர் ஃபேலீன் ஆளுக்கொரு தட்டில் ஜெல்லியும் கரண்டியும் கொடுத்தார். அவர் நீட்டினால் வாங்காமல் இருக்க முடியாது. பிஷப்பே முயன்று தோற்றிருக்கிறார். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் கரண்டி. கேமரா கழுத்தில் தொங்கியது. சாப்பிட முகத்துணியை இறக்கியாக வேண்டும். இறக்கினார்கள். வெயிலில் மூக்கு சிவந்த, நடுவயதுச் சாதாரண முகங்கள். ஒருவர் அப்பாவிடம், "அந்த ரூட் பியர் இன்னும் இருக்கா?" என்று கேட்டார். அப்பா எடுத்துக் கொடுத்தார்.

"இப்ப வா," என்று டெல்மண்டின் கதவைத் திறந்தார் அப்பா.

டெல்மண்ட் சட்டத்தை ஊன்றி எழுந்து நின்றார். நிமிர்ந்து பார்த்தார். கூடாரங்களுக்குக் கீழே முப்பது பேர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் உற்சாகமாகக் கையசைத்தார்கள்.

"ஏன்யா, அவங்க ரெண்டே பேர். நீ ஊரையே கூட்டி வெச்சிருக்க!"

அம்மாவுக்கும் அப்போதுதான் புரிந்தது. பாத்திரத்தில் கரண்டியால் தட்டினாள். "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க! பிள்ளைங்களும்! திரும்பினதுக்கப்புறம் யாரும் எட்டிப் பாக்கக் கூடாது!"

சபையில் பழக்கப்பட்டவர்கள். ஜெபத்துக்குத் தலை குனிகிற மாதிரி எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். வரிசையாக முதுகுகள். அந்த இருவரும் கூடாரத்துக்கு அந்தப் பக்கம், தட்டும் கையுமாக. நானும் திரும்பினேன்.

அப்பா மட்டும் திரும்பவில்லை.

"நீயும்தான்யா," என்றார் டெல்மண்ட்.

"நீ விழுந்தா?"

"விழுந்தா சத்தம் கேக்கும். அப்பத் திரும்பு."

நாற்பது வருடம் பார்ப்பதற்கே சம்பளம் வாங்கியவர். ஒரு நிமிடம் அப்படியே நின்றார். பிறகு என் பக்கத்தில் வந்து, பெட்டிக்கு முதுகு காட்டி நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஆகவே இனி நடந்தது காதால் கேட்டது மட்டும்.

சட்டத்தைத் தூக்கி வைக்கிற சத்தம். ஒரு அடி. மறுபடி சட்டம். மறுபடி அடி. டென்னிஸ் பந்து தரையில் உரசும் சத்தம். பிறகு எதுவும் இல்லை. மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. அப்பாவின் விரல்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன, வெளுத்துப்போகும் அளவுக்கு. திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். திரும்பவில்லை. சட்டம் மறுபடி நகர்ந்தது. ஒரு பிள்ளை கிசுகிசுத்தது, அதன் அம்மா அதட்டினாள்.

அப்புறம் இரும்பு மூடி தடக்கென்று விழுந்தது.

"போட்டாச்சு!" டெல்மண்டின் பழைய குரல். மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்கிற குரல்.

"உறையில கையெழுத்துப் போட்டியா?" என்றார் அப்பா, திரும்பாமலே.

"இப்பக் கேக்கற. வந்து உள்ள கையை விட்டுப் பாரு."

முதுகுகள் குலுங்கின. யாரும் திரும்பவில்லை.

"யாராவது நான் போட்டதைப் பாத்தீங்களா?" என்று கத்தினார் டெல்மண்ட்.

"இல்லை!" என்றது முழுக் கூட்டமும்.

"அப்ப நான் எத்தனை போட்டேன்னு யாருக்குத் தெரியும்? வெர்ல், நீதான காவல்? சொல்லு!"

அப்பாவின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. டெல்மண்ட் பின்னாலிருந்து பார்த்து அழுகை என்று நினைத்தது இதைத்தான். நான் பக்கத்தில் நின்றேன். சிரிப்பு. சிரிப்பில் அவருக்குப் பேச்சே வரவில்லை.

"ஒண்ணுதான்," என்றார் கடைசியில். "மூடி ஒரு தடவைதான் விழுந்துச்சு."

"திரும்பலாமா?" என்று கேட்டார் சிஸ்டர் ஃபேலீன்.

"இருங்க, இருங்க," என்றார் டெல்மண்ட். "இன்னும் கார் வரைக்கும் நடக்கணும்."

நாங்கள் அப்படியே நின்றோம்.